ஐந்து மருந்தாளுநர்கள்: அமெரிக்கப் படைகளின் மருத்துவமனைகள் ஒரே கணினிக் கட்டமைப்புக்கு வந்த கதை

சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் கிரேட் லேக்ஸ் என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் சிப்பாயாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் பயிற்சிக்கு இங்கேதான் வருகிறார்கள். அதன் பக்கத்திலேயே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றும் இயங்கி வந்தது. கடற்படையின் மருத்துவ நிலையத்தையும் இந்த மருத்துவமனையையும் 2010 அக்டோபரில் ஒன்றாக இணைத்து, அப்போலோ 13 விண்கலத்தை வழிநடத்திய ஜேம்ஸ் லவெலின் பெயரைச் சூட்டினார்கள். பதினெட்டு வயதுப் பயிற்சி வீரனும், கொரியப் போரைக் கண்ட முதியவரும் ஒரே வாசல் வழியாக உள்ளே வரலாம் என்றானது.

கட்டடம் ஒன்றானது. கணினி ஒன்றாகவில்லை. கடற்படை நோயாளிகளின் விவரம் பாதுகாப்புத் துறையின் ஆல்ட்டா என்ற மென்பொருளில் இருந்தது. முன்னாள் வீரர்களின் விவரம் அவர்களுக்கான துறையின் விஸ்டாவில் இருந்தது. ஒரே நோயாளிக்கு இரண்டு பக்கமும் கணக்கு இருந்தால், ஒரு பக்கத்தில் எழுதிய மாத்திரை மறுபக்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலுக்குத் தெரியாது. பென்சிலின் ஒவ்வாது என்று ஓரிடத்தில் குறித்திருந்தாலும் மற்றோர் இடத்துக் கணினி மௌனமாக அதையே அனுமதித்துவிடக்கூடும். இரண்டையும் இணைக்கும் மென்பொருள் வந்து சேரத் தாமதமானது. அதுவரை காத்திருக்க முடியாத நிர்வாகம் ஐந்து மருந்தாளுநர்களை முழுநேரப் பணிக்கு எடுத்தது. இரண்டு பதிவேடுகளையும் திறந்து வைத்துக்கொண்டு, எந்த மருந்து எதனோடு மோதும், யாருக்கு எது ஒவ்வாது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர்களுடைய வேலை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்காகத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புக்கூறல் அலுவலகம் இதைத் தன் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறது.

இந்தச் செய்தியில் என்னை மிகவும் தைப்பது இன்னொன்று. ஆல்ட்டாவின் அடியில் கிடந்தது சி.எச்.சி.எஸ். என்ற பழைய அமைப்பு. அதை 1988-இல் ஒப்பந்தம் எடுத்துக் கட்டிய நிறுவனம், முன்னாள் வீரர் துறை தனக்காக எழுதியிருந்த மென்பொருளைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அதே மென்பொருள்தான் முன்னாள் வீரர் துறையில் வளர்ந்து விஸ்டா ஆனது. இரண்டும் மம்ப்ஸ் என்ற ஒரே கணினி மொழியில் எழுதப்பட்டவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருபது ஆண்டுகள் வேறு வேறு வீட்டில் வளர்ந்து, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் போனதால் இடையில் ஐந்து பேரை உட்கார வைக்க வேண்டியிருந்தது.

பெரிய மருத்துவ அமைப்பின் கணினிகளைச் சீராக்குவது என்றவுடன், நல்ல மென்பொருள் ஒன்றை வாங்கி எல்லா ஊரிலும் நிறுவிவிட்டால் முடிந்தது என்றுதான் தோன்றும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நெடுங்காலம் இந்த எண்ணத்தில்தான் செலவு செய்தது. மென்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியும் கூரை. சுவருக்குள் ஓடும் கேபிள், மூலையில் பூட்டிய அறையில் முனகியபடி கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டி, யார் எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்யும் பெயர்ப் பட்டியல், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்ற தொலைபேசி எண் ஆகியவையெல்லாம் தரை. தரை ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. அது வேறாக இருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, அதிகாரத்தில் இருந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

அமைப்பின் அளவை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கப் படைகளின் மருத்துவ அமைப்பு சுமார் 95 லட்சம் பேருக்குப் பொறுப்பேற்கிறது. பணியில் இருக்கும் வீரர்கள், அவர்களின் மனைவி, கணவன், பிள்ளைகள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். அலாஸ்கா, ஹவாய், குவாம், ஒகினாவா, கொரியா, ஜெர்மனி, இத்தாலி என்று உலகமெங்கும் மருத்துவமனைகள் இருக்கின்றன. பிரசவமும் பல் பிடுங்குவதும் இதற்குள் நடக்கின்றன. குண்டடி பட்டவரை மூன்று கண்டங்கள் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் இதே அமைப்பின் வேலைதான்.

இவ்வளவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கவில்லை. தரைப்படைக்கு ஒரு மருத்துவப் பிரிவு, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. மரைன் படையினரைக் கடற்படை மருத்துவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தலைமை மருத்துவர், தனி நிதி, தனிக் கொள்முதல், தனி நெட்வொர்க், தனிப் பாதுகாப்பு விதிகள். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. கப்பலில் இருக்கும் மருத்துவருக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் மெல்லிய இணைப்புதான் உலகம். விமானத்தில் நோயாளியை ஏற்றி இறக்கும் குழுவுக்கு வேறு தேவை. போர்க்களத்தில் தன் வீரனைக் காப்பாற்றும் மருத்துவன் தன் தளபதிக்குக் கட்டுப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று மூன்று படைகளும் நம்பின. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் போர் அனுபவம் இருந்தது.

ஆனால் அதன் விலையை அன்றாடம் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். தரைப்படை மருத்துவமனையிலிருந்து கடற்படை மருத்துவமனைக்கு மாற்றலாகி வரும் ஒரு மருத்துவரை நினைத்துப் பாருங்கள். அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை முழுப் பாதுகாப்புத் துறைக்கும் பொதுவானது. சில்லு பதித்த அந்த அட்டையைக் காட்டினால் தளத்தின் வாயில் திறக்கும். அதே அட்டையைக் கணினியில் செருகினால் திரை அவரை அடையாளம் காணாது. அவருடைய பெயர் தரைப்படையின் பயனர் பட்டியலில் இருக்கிறது, கடற்படையின் பட்டியலில் இல்லை. புதுக் கணக்குக்கு விண்ணப்பம், புது மின்னஞ்சல், ஏற்கனவே முடித்த பாதுகாப்புப் பயிற்சியை மறுபடி முடித்ததற்கான சான்று, பிறகு ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி அனுமதி. அறுவைக் கூடத்தில் கத்தி பிடிக்க உரிமை பெற்றவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கச் சக மருத்துவரின் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும்.

நோயாளியின் நிலையும் இதேதான். சி.எச்.சி.எஸ். அமைப்பு ஏறத்தாழ நூறு தனித்தனி சர்வர்களில் ஓடியது. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியிருந்த மருத்துவமனைகளுக்கு மட்டும் தாய்வீடு. படைவீரரின் குடும்பம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாறும். புது ஊரின் சர்வருக்கு அந்தக் குழந்தை புதுக் குழந்தை. வெளிநோயாளிக் குறிப்புகளையாவது ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்றுதான் 2004 முதல் 2006 வரை ஆல்ட்டாவை எல்லா இடங்களிலும் நிறுவினார்கள். எல்லாக் குறிப்பும் போய்ச் சேர ஒரு மையக் கிடங்கு உருவானது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் அடியில் பழைய சி.எச்.சி.எஸ்.தான் தொடர்ந்தது. உள்நோயாளிகளுக்கு எசென்ட்ரிஸ் என்ற மூன்றாவது மென்பொருள். ஆல்ட்டாவோ மெதுவாக நகர்ந்தது, அடிக்கடி நின்றது. நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய மருத்துவர் திரை விழித்தெழக் காத்திருந்தார்.

இந்த நேரத்தில் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்தது. காயம்பட்டவர் களத்து அறுவை நிலையத்திலிருந்து ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் மருத்துவமனைக்கும், அங்கிருந்து தலைநகர் வாஷிங்டன் பகுதிக்கும் சில நாட்களுக்குள் கொண்டுவரப்பட்டார். உயிரைக் காக்கும் அந்தச் சங்கிலி வியக்கத்தக்கது. ஆனால் நோயாளி வந்த வேகத்தில் அவருடைய குறிப்பு வரவில்லை. என்ன அறுவை செய்தோம், உள்ளே என்ன வைத்தோம் என்பதைக் காயக்கட்டின் மேலேயே பேனாவால் எழுதி அனுப்பிய மருத்துவர்கள் உண்டு. கணினி நூலறுந்த இடத்தில் துணியும் மையும் வேலை செய்தன.

இனி தரைக்கு வருவோம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, ஆகவே கொஞ்சம் நின்றே சொல்கிறேன்.

படைத்தளத்தின் நடுவே மருத்துவமனை இருக்கும்போது, அதற்கு இணைப்பு தருவது பெரும்பாலும் தளத்தின் நெட்வொர்க்தான். அந்த நெட்வொர்க்குக்குச் சொந்தக்காரர் தளபதி. அதை நடத்துவது தகவல் தொடர்புப் படைப்பிரிவு. அவர்களுடைய முதல் கவலை எதிரி உள்ளே நுழையக்கூடாது என்பது, அது நியாயமானதும்கூட. மருத்துவமனையின் கவலை வேறு. ஒரு சி.டி. ஸ்கேன் என்பது நூற்றுக்கணக்கான படங்களின் அடுக்கு. அது தளத்து அலுவலகங்களின் மின்னஞ்சல் போகும் அதே குழாயில் நெருக்கியடித்துப் போக வேண்டும். நெட்வொர்க்கின் காவல் அரணான ஃபயர்வாலில் பாதுகாப்புக்காக ஒரு கதவை அடைத்தால், அந்தக் கதவு வழியாக முடிவுகளை அனுப்பிக்கொண்டிருந்த ரத்தப் பரிசோதனை இயந்திரம் திடீரென்று ஊமையாகிவிடும். அடைத்தவருக்கு அங்கே அப்படி ஒரு இயந்திரம் இருப்பதே தெரியாது. யார் மேலும் குற்றமில்லை. ஒரே கம்பியை இரண்டு கடமைகள் பங்கிட்டுக்கொண்டதன் விளைவு அது.

அடுத்தது மருத்துவக் கருவிகள். படுக்கைக்கு மேலே பச்சைக் கோடு ஓடும் திரை, மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்ப், எக்ஸ்ரே இயந்திரம் எல்லாவற்றுக்குள்ளும் இன்று ஒரு கணினி இருக்கிறது. அலுவலகக் கணினிக்கு ஆயுள் நான்கைந்து ஆண்டு என்றால், இவற்றுக்குப் பத்து, பதினைந்து ஆண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியபோது, அதை உள்ளே வைத்திருந்த கருவிகளும் சேர்ந்து அனாதையாயின. கருவியைச் செய்த நிறுவனம் சோதித்துச் சரி என்று சொல்லாமல், மருத்துவமனையின் கணினிப் பிரிவு தானாக ஒரு திருத்தத்தைக்கூட ஏற்ற முடியாது. ஏற்றிய பிறகு பம்ப் தவறான அளவு மருந்தைச் செலுத்தினால் என்ன செய்வது? ஏற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2017 மே மாதத்தில் இங்கிலாந்து பார்த்தது. வான்னாக்ரை என்ற கணினிப் புழு பரவியபோது அந்நாட்டின் பொது மருத்துவ அமைப்பில் டிரஸ்ட் எனப்படும் நிர்வாக அமைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் குறித்திருந்த நேரங்கள் ரத்தாயின.

ஆகவே ஒவ்வொரு கருவியையும் நெட்வொர்க்கில் சேர்க்கும் முன் ஆய்வு செய்து எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதி. நல்ல விதிதான். ஆனால் மூன்று படைகளுக்கும் அனுமதி தரும் அதிகாரிகள் வேறு வேறு. தரைப்படை பல மாதம் ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட அதே பம்பை, அதே மாதிரி எண்ணோடு, கடற்படை மறுபடி முதலிலிருந்து ஆராயும். அந்தக் காலமெல்லாம் கருவி பெட்டிக்குள் கிடக்கும்.

தரையைச் சீராக்கும் வேலை என்பது இவற்றை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதுதான். அதற்கு ஒரே ஒரு கை வேண்டும். அந்தக் கை 2013 அக்டோபர் 1 அன்று உருவானது. பாதுகாப்புச் சுகாதார முகமை என்று அதற்குப் பெயர். தொடக்கத்தில் அதன் வசம் இருந்தவை மூன்று படைகளுக்கும் பொதுவான சேவைகள் மட்டுமே. கணினிச் சேவை அவற்றில் ஒன்று. மருத்துவமனைகள் படைகளிடமே இருந்தன. பிறகு 2017 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் காங்கிரஸ் துணிந்து ஓர் அடி எடுத்து வைத்தது. மருத்துவமனைகளின் நிர்வாகத்தையே முகமையிடம் மாற்ற வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 702ஆம் பிரிவு கட்டளையிட்டது. மூன்று மருத்துவப் பிரிவுகளையும் ஒன்றாக்கலாமா என்ற பேச்சு இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்தே நடந்து வந்தது. இந்தியாவில் பி.சி. ராய் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி முப்படைகளின் மருத்துவச் சேவைகளும் 1948-லேயே ஒரு தலைமை இயக்குநரின் கீழ் வந்துவிட்டன என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இளம் நாட்டுக்கு இருந்த வசதி அது. பழைய நாட்டில் ஒவ்வொரு படையும் தன் மருத்துவமனையைத் தன் வரலாற்றின் ஒரு பகுதியாகப் பார்த்தது.

இதற்கு நடுவே மென்பொருள் பக்கம் ஒரு பெரிய தோல்வியும் நடந்தது. பாதுகாப்புத் துறைக்கும் முன்னாள் வீரர் துறைக்கும் பொதுவாக ஒரே பதிவேட்டைப் புதிதாகக் கட்டுவோம் என்று 2011-இல் இரண்டு அமைச்சர்களும் கைகோத்தார்கள். 2013 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். அதன் பிறகு சந்தையில் ஏற்கனவே இருக்கும் ஒன்றை வாங்குவது என்று பாதுகாப்புத் துறை முடிவு செய்தது. 2015 ஜூலையில் லெய்டோஸ் நிறுவனம் தலைமையிலான குழுவுக்கு 430 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. மென்பொருள் செர்னர் நிறுவனத்தினுடையது. அதற்கு எம்.எச்.எஸ். ஜெனிசிஸ் என்று பெயர் வைத்தார்கள். செர்னரை 2022-இல் ஆரக்கிள் வாங்கிவிட்டது.

முதல் சோதனைக்கு நாட்டின் வடமேற்கு மூலையைத் தேர்ந்தெடுத்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் நகருக்கு அருகே இருக்கும் ஃபேர்சைல்டு விமானப்படைத் தளத்தில் 2017 பிப்ரவரியில் புதிய அமைப்பு உயிர் பெற்றது. அதே ஆண்டில் ஓக் ஹார்பர், பிரெமர்ட்டன் என்ற இரண்டு கடற்படை மருத்துவ நிலையங்களும், மேடிகன் என்ற பெரிய தரைப்படை மருத்துவமனையும் தொடர்ந்தன. மூன்று படைகளும் இடம்பெற்ற நல்ல மாதிரிதான். விளைவு கசப்பாக இருந்தது. பாதுகாப்புத் துறையின் சொந்தச் சோதனைப் பிரிவின் இயக்குநர் 2018-இல் அறிக்கை தந்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்ட 197 பணிகளில் 56 சதவீதத்தைத்தான் அமைப்பு ஒழுங்காக நிறைவேற்றியது. பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அதைப் பயன்படுத்தியவர்களிடம் கேட்டதற்கு நூற்றுக்கு 37 மதிப்பெண் கிடைத்தது. களத்துக்கு ஏற்றதாகவும் இல்லை, பயன்தருவதாகவும் இல்லை என்று அறிக்கை நேராகவே சொன்னது. பயிற்சி போதவில்லை, உதவி மையம் உதவவில்லை என்பவையும் அதில் சேர்ந்திருந்தன.

அந்த அறிக்கையை மென்பொருளின் தோல்வி என்றே பலரும் படித்தார்கள். மென்பொருளில் குறை இருந்தது உண்மை. ஆனால் தரை உலர்வதற்கு முன் கூரை போட்டதும் ஒரு காரணம். நெட்வொர்க்கையும் பதிவேட்டையும் ஒரே நேரத்தில் மாற்றியபோது, திரை உறைந்தால் அது மென்பொருளா, இணைப்பா, ஃபயர்வாலா, கருவியா என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போனது. முன்பு சர்வர் அதே வளாகத்தில் இருந்தது. புதிய அமைப்பின் தரவு மையமோ கான்சாஸ் சிட்டியில் இருந்தது. ஓக் ஹார்பரில் ஒரு செவிலியர் ஒரு சொடுக்குச் சொடுக்கினால் அது பாதி நாட்டைக் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருந்தது. நடுவில் எந்த ஊர்ச் சுவிட்ச் தூங்கினாலும் பழி திரையின் மேல்தான் விழும்.

நிறுவும் பணியைச் சில காலம் நிறுத்தி வைத்துத் திருத்தினார்கள். அங்கே கற்றுக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் அர்த்தமுள்ளதாகத் தோன்றுவது ஒரு சிறிய விதி: பதிவேடு வருவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த மருத்துவமனையின் நெட்வொர்க் வேலை முழுதாக முடிந்திருக்க வேண்டும். கேட்டால் எளிது. நடைமுறையில் அதன் பொருள், ஒரு மருத்துவமனையின் தரை தயாராகவில்லை என்றால் எவ்வளவு பெரிய அதிகாரி கேட்டாலும் நாள் குறிக்க மாட்டோம் என்பது. இப்படிச் சொல்வதற்கு, மூன்று படைகளிடமும் அனுமதி கேட்டு நிற்காத ஒரு நிர்வாகம் தேவைப்பட்டது.

மேசையிலிருந்து தரவு மையம் வரை என்ற பொருள்படும் திட்டம் ஒன்றில் அந்தத் தரைவேலை நடந்தது. மருத்துவத்துக்கு மட்டுமான தனி நெட்வொர்க் ஒன்றைக் கட்டினார்கள். மெட்-கோய் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். தளத்தின் அலுவலகப் போக்குவரத்து ஒரு பக்கம், மருத்துவப் போக்குவரத்து ஒரு பக்கம் என்று பிரிந்தன. எல்லா மருத்துவமனை ஊழியர்களின் பெயரும் ஒரே பயனர் பட்டியலுக்கு வந்தது. மாற்றலாகி வரும் மருத்துவரின் அட்டையை இனி கணினியும் அடையாளம் காணும். ஒரே மாதிரி அமைத்த மேசைக் கணினி, ஒரே உதவி மையம், கருவிகளுக்கு ஒரே அனுமதி.

சொல்லும்போது ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. ஹொனலூலுவில் குன்றின் மேல் இளஞ்சிவப்பாக நிற்கும் டிரிப்ளர் மருத்துவமனை 1948-இல் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட கட்டடத்தில் கம்பியில்லா இணைப்பு எல்லா வார்டுக்கும் எட்ட வேண்டும் என்றால், தடித்த சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்க வேண்டும். நோயாளி படுத்திருக்கும் அறையின் கூரைப் பலகையைக் கழற்றினால் தூசி விழும், தொற்றுத் தடுப்புக் குழு வந்து திரை கட்டும்வரை வேலை நிற்கும். இரவில்தான் சுவிட்சை மாற்றலாம், அந்த இரவிலும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு இணைப்பு அறுந்துவிடக்கூடாது. மாற்றும் முன் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். முப்பது ஆண்டுகளில் நாலைந்து பேர் கைமாறிய அறைகளில் பாதிக் கம்பிக்குப் பெயர்ச்சீட்டு இருக்காது. ஒருவர் இந்த முனையில் கம்பியை அசைக்க, மற்றவர் அந்த முனையில் விளக்கு அணைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பல நூறு கட்டடங்களில் இப்படி வேலை செய்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. அவர்களுடைய பொறுமையின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது.

கம்பியைவிடக் கடினமானது சொற்களை ஒன்றாக்குவது. ஒரே மருந்தை மூன்று படையும் மூன்று விதமாகக் குறித்து வைத்திருக்கும். ஒரே ரத்தப் பரிசோதனைக்கு ஓர் ஊரில் ஒரு சுருக்கம், இன்னோர் ஊரில் வேறு சுருக்கம். ஒரு மருத்துவமனையில் இதய நோயாளி வந்தவுடன் எழுதும் வழக்கமான மருந்துப் பட்டியல், பக்கத்து மாநிலத்தில் மாறியிருக்கும். ஜெனிசிஸ் வரும்போது எல்லாருக்கும் ஒரே பட்டியல், ஒரே நடைமுறை என்று நிர்ணயிக்க வேண்டியிருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் குழுக்களாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் விவாதித்தார்கள்.

இதில் இழப்பும் உண்டு. பழைய சி.எச்.சி.எஸ். அசிங்கமானது, எழுத்துகள் மட்டும் ஓடும் திரை. ஆனால் பதினைந்து ஆண்டு அதிலேயே புழங்கிய மருந்தகப் பணியாளரின் விரல்கள் திரையைப் பார்க்காமலே கட்டளைகளைத் தட்டும். புதிய திரையில் அதே வேலைக்குச் சுட்டியைப் பிடித்துப் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். ஓர் ஊரில் ஒரு செவிலியர் தன் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்த நல்ல வழி, பொதுவான நடைமுறையில் இடம் கிடைக்காமல் போயிருக்கும். பல் மருத்துவர்கள் தங்களுக்குத் தரப்பட்ட பகுதியோடு தொடர்ந்து போராடுவதை 2024-இல் வந்த தணிக்கை அறிக்கையும் பதிவு செய்தது. சீராக்குவதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் கையில் ஊறிய திறமையை அழித்துவிட்டு அதைப் பயிற்சிக் குறை என்று கணக்கெழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளூரில் நன்றாக நடந்ததைப் பொது நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு வழி திறந்திருக்க வேண்டும், அந்த வழி வேகமாகவும் இருக்க வேண்டும்.

2019 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டிராவிஸ் தளத்தோடு அடுத்த சுற்றுத் தொடங்கியது. கொரோனா சிறிது தடுத்தது, பிறகு சுற்றுச் சுற்றாக நகர்ந்து 2023-இல் லாண்ட்ஸ்டூல் உள்ளிட்ட ஐரோப்பிய மருத்துவமனைகளை எட்டியது.

எல்லாம் ஒன்றானபோது வேறொரு கேள்வி எழுந்தது. 2024 பிப்ரவரியில் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற தனியார் நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. மருந்துக்கான காப்பீட்டுக் கணக்குகளை மருந்தகத்திலிருந்து காப்பீட்டாளருக்கு அனுப்பிவைக்கும் நடுவழி நிறுவனம் அது. அதன் வழி அடைபட்டவுடன் உலகெங்கும் இருந்த அமெரிக்கப் படை மருந்தகங்கள் எல்லாம் ஒரே நாளில் பாதிக்கப்பட்டு, மருந்துச் சீட்டுகளைக் கையால் கவனிக்க வேண்டிய நிலைக்கு வந்தன. சீரான கட்டமைப்பில் ஒரு திருத்தத்தை ஒரே இரவில் எல்லா இடத்துக்கும் அனுப்பலாம். அதே வேகத்தில் ஒரு பழுதும் எல்லா இடத்துக்கும் போகும். நூறு தனித்தனி சர்வர்கள் இருந்த காலத்தில் இந்த ஆபத்து இல்லை. அதற்காக அந்தக் காலத்துக்குத் திரும்ப யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் இணைப்பு அறுந்த நாளில் காகிதத்தில் எப்படி மருந்து தருவது என்பதையும் அதே சீரோடு எல்லா ஊரிலும் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். எல்லாரும் ஒரே திரையை நம்பியிருக்கும்போது இந்த ஒத்திகையைக் கட்டமைப்பின் ஒரு பகுதியாகத்தான் கருத வேண்டும்.

2024 மார்ச் 9 அன்று வடக்குச் சிகாகோவின் லவெல் மையத்தில் ஜெனிசிஸ் தொடங்கியது. நாட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்த வரிசையில் கடைசி இடம் அதுதான். பயிற்சி வீரனின் பதிவும் முதியவரின் பதிவும் முதல் முறையாக ஒரே திரைக்கு வந்தன. பதின்மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கூரையின் கீழ் இருந்த பிறகு.

மருத்துவமனைகளுக்கு இது போதும். படைகளுக்குப் போதாது. சிக்னல் கிடைக்காத மலையிலும், அலைபரப்பை அணைத்துவிட்டு நகரும் கப்பலிலும் அந்தத் தரவு மையம் எட்டாத தூரம். களத்தில் இயங்கும் கையடக்கச் செயலிகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இன்றும் வீரனின் முதலுதவிப் பையில் டி.டி. 1380 என்ற ஓர் அட்டை இருக்கிறது. முன்புறமும் பின்புறமுமாக மனித உடலின் படம் வரைந்திருக்கும், காயம்பட்ட இடத்தைக் குறிக்க வேண்டும். ரத்தத்தை நிறுத்த இறுக்குக் கட்டுப் போட்ட நேரத்தை எழுத ஒரு கட்டம் இருக்கும். களமருத்துவன் அதைப் பேனாவால் நிரப்பிக் காயம்பட்டவனோடு சேர்த்துக் கட்டிவிடுகிறான். அந்த நேரத்தைக் கணினியில் ஏற்ற, சிக்னல் கிடைக்கும் இடம்வரை அவனைத் தூக்கிச் செல்ல வேண்டும்.